உடைந்த குளோ பிளக்கை அகற்றுதல்

உடைந்த குளோ பிளக்கை அகற்றுதல் என்பது, டீசல் எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டினுள் முறிந்து தங்கிவிட்ட குளோ பிளக்கின் பகுதிகளை, எஞ்சினுக்குச் சேதம் நேராதவாறு வெளியே எடுக்கும் பழுதுபார்ப்புப் பணியாகும். குளோ பிளக் என்பது குளிர்ந்த டீசல் எஞ்சினைக் கிளப்ப உதவும் சிறு மின்சூடேற்றி. தமிழ்நாட்டுப் பணிமனைகளில் இதனை ஹீட்டர் பிளக் என்றே அழைப்பர். டீசல் அம்பாசடர் காரைப் பழுதுபார்த்தவர்களுக்கு இது பழக்கமான பொருள். இந்தியச் சாலைகளில் ஓடிய கனரக லாரிகளில் பெரும்பாலானவை நேரடிப் பீய்ச்சல் எஞ்சின் கொண்டவை என்பதால், லாரிப் பணிமனைகளில் இது அதிகம் காணப்படுவதில்லை.

இக்கட்டுரை அமெரிக்க நிறுவனமான ஜெனரல் மோட்டார்சின் 6.2 லிட்டர் வி-8 டீசல் எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பணியை விளக்குகிறது. செவ்ரோலே, ஜி.எம்.சி. பிக்கப் லாரிகளில் 1982 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து இவ்வெஞ்சின் பொருத்தப்பட்டது. குளோ பிளக் முனை வீங்கி உடைவதற்குப் பெயர் பெற்ற எஞ்சின்களுள் இது முதன்மையானது.

குளோ பிளக்கின் அமைப்பு

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. உறிஞ்சப்பட்ட காற்று மிகுந்த அழுத்தத்திற்கு உட்படும்போது எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. நேரடிப் பீய்ச்சல் எஞ்சினில் எரிபொருள் பிஸ்டனின் தலைக்குழியிலேயே பீய்ச்சப்படுகிறது. மறைமுகப் பீய்ச்சல் எஞ்சினிலோ சிலிண்டர் ஹெட்டினுள் உள்ள ஒரு சிறிய முன்னறையில் பீய்ச்சப்பட்டு, அங்கே தீப்பற்றி, குறுகிய வாயில் வழியாகச் சிலிண்டருக்குள் பாய்கிறது. இந்த முன்னறையின் சுவர்கள் காற்றின் வெப்பத்தைக் கணிசமாக உறிஞ்சிவிடுகின்றன. எனவே எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, அழுத்தத்தால் எழும் வெப்பம் மட்டும் தீப்பற்றப் போதாது. இக்குறையை ஈடுசெய்யவே ஒவ்வொரு முன்னறையிலும் ஒரு குளோ பிளக் வைக்கப்படுகிறது.

குளோ பிளக்கில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, ஹெட்டில் திருகிப் பொருத்துவதற்கான மரையும் அறுகோணத் தலையும் கொண்ட எஃகு உடல். மற்றொன்று, அதன் நுனியிலிருந்து முன்னறைக்குள் நீளும் ஒல்லியான குழல். இக்குழல் வெப்பம் தாங்கும் நிக்கல் கலப்புலோகத்தால் ஆனது, நுனி மூடியிருக்கும். உள்ளே மின்தடைக் கம்பிச்சுருளும், அதனைச் சுற்றி இறுக்கமாக நிரப்பப்பட்ட மக்னீசியம் ஆக்சைடு தூளும் உள்ளன. தூள் மின்சாரத்தைத் தடுத்து வெப்பத்தைக் கடத்துகிறது. மின்சாரம் பாயும்போது முனையின் வெப்பநிலை சில வினாடிகளில் 800 பாகை செல்சியசைத் தாண்டிவிடும்.

உடையும் பகுதி பெரும்பாலும் இந்தக் குழல்தான். 6.2 லிட்டர் எஞ்சினின் பிளக்கில் அது சுமார் 5 மி.மீ. விட்டமே உடையது. அது நுழைந்திருக்கும் துளை அதைவிடச் சற்றே பெரியது. இந்தச் சிறிய இடைவெளியில்தான் எல்லாத் தொல்லையும் தொடங்குகிறது.

6.2 லிட்டர் எஞ்சின்

ஜெனரல் மோட்டார்ஸ், தன் டெட்ராய்ட் டீசல் பிரிவின் துணையுடன் உருவாக்கிய இவ்வெஞ்சினின் கொள்ளளவு 379 கன அங்குலம். எட்டு சிலிண்டர்கள் நான்கு நான்காக இரு வரிசைகளில் அமைந்துள்ளன. அழுத்த விகிதம் 21-க்கு 1 என்ற அளவைச் சற்றே தாண்டியது. தொடக்ககால மாதிரிகளின் திறன் சுமார் 130 குதிரைத்திறன். வேகத்தைவிட எரிபொருள் சிக்கனமே இதன் நோக்கமாயிருந்தது. 1990களின் தொடக்கத்தில் இதன் வழித்தோன்றலான 6.5 லிட்டர் எஞ்சின் வெளிவந்தது. முன்னறை அமைப்பும் குளோ பிளக் இருக்கும் இடமும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், இங்குக் கூறப்படுவன பெரும்பாலும் 6.5 லிட்டருக்கும் பொருந்தும். அமெரிக்கப் படையின் ஹம்வீ வண்டிகளிலும் இக்குடும்பத்து எஞ்சின்களே உள்ளன.

ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் சற்றுக் கீழே ஒரு குளோ பிளக் உள்ளது. இதன் மரை 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரியிடைவெளியும் கொண்டது. ஓட்டுநர் பக்கமான இடது வரிசையில் உள்ள நான்கையும் எளிதில் எட்டலாம். வலது வரிசையில் புகைபோக்குக் குழாய்த்தொகுதி குறுக்கே நிற்கிறது. டர்போ பொருத்தப்பட்ட 6.5 லிட்டரில் வலப்பக்கத்துப் பின் சிலிண்டர்களின் பிளக்குகள் மேலிருந்து கண்ணுக்கே தெரியா. முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மட்காப்பின் உட்புறம் வழியாகக் கையை நீட்டி வேலை செய்வதே அங்கு வழக்கம். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் சாய்வாக விசை கொடுப்பதாலேயே பல பிளக்குகள் முறிகின்றன.

முனை வீங்குவதன் காரணம்

இந்த எஞ்சினின் தொடக்ககாலப் பிளக்குகள் 6 வோல்ட்டுக்கென வடிவமைக்கப்பட்டு, 12 வோல்ட்டில் இயக்கப்பட்டவை. இது பிழையன்று, விரைவாகச் சூடேற்றுவதற்காக வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, எஞ்சினின் வெப்பநிலைக்கு ஏற்ப ரிலேயைச் சில வினாடிகள் மூடிவைத்து, பின்னர் விட்டுவிட்டு மின்சாரம் கொடுத்து, பிளக் எரிந்துபோகாமல் காக்கிறது. அதாவது, பிளக்கின் உயிர் முழுவதும் அந்த ரிலேயின் கையில் உள்ளது.

ரிலே சுமக்கும் மின்னோட்டம் சிறிதன்று. எட்டு பிளக்குகளும் சேர்ந்து தொடக்கத்தில் 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நாளடைவில் ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது சாவி திருப்பப்பட்டிருக்கும் வரை பிளக்குகள் காய்ந்துகொண்டே இருக்கும். குழல் அளவு மீறிச் சிவந்து, மென்மையாகி, உள்ளிருக்கும் தூளும் கம்பியும் விரிவதால் நுனியருகே பூசணிப்பிஞ்சு போலப் புடைத்துவிடுகிறது. புடைத்த முனை, தான் நுழைந்த துளை வழியே திரும்பி வர மறுக்கிறது. வீக்கம் இல்லாவிடினும், துளையின் இடைவெளியில் கெட்டியான கரி படிந்து இதே விளைவைத் தரலாம்.

பிற்காலத்தில் தாமே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் வகைப் பிளக்குகள் வந்தன. இவற்றில் இரண்டாவதாக உள்ள ஒரு கம்பிச்சுருளின் மின்தடை, சூடேறச் சூடேற உயர்ந்து மின்னோட்டத்தைத் தணிக்கிறது. ஏ.சி. டெல்கோவின் 60ஜி என்னும் பிளக் இவ்வகையைச் சார்ந்தது, 6.2, 6.5 லிட்டர் எஞ்சின்களுக்குப் பலரும் இதனையே பரிந்துரைப்பர். இவை வீங்குவது அரிது.

படைத்துறை லாரிகளில் ஒரு தனிச் சிக்கல்

அமெரிக்கப் படைக்காக 1984 ஆம் ஆண்டு முதல் தயாரிக்கப்பட்ட எம்1008, எம்1009 முதலிய செவ்ரோலே வண்டிகளிலும் 6.2 லிட்டர் எஞ்சினே இருந்தது. பின்னாளில் இவை ஏலத்தில் விற்கப்பட்டுத் தனியார் கைகளுக்கு வந்தன. இவற்றில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட் தரும். ஆனால் குளோ பிளக்குகள் 12 வோல்ட் லாரிகளில் உள்ள அதே பிளக்குகள். எனவே இடையில் மின்தடைகளை வைத்து மின்னழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தனர்.

இந்த ஏற்பாட்டின் குறையை ஓர் எளிய கணக்கு காட்டும். எடுத்துக்காட்டுக்கு ஒவ்வொரு பிளக்கின் தடையும் 1 ஓம் எனக் கொள்வோம். எட்டும் பக்க இணைப்பில் சேர்ந்தால் மொத்தத் தடை 0.125 ஓம். தொடரில் உள்ள மின்தடையும் 0.125 ஓம் என்றால், 24 வோல்ட் சரிபாதியாகப் பிரிந்து பிளக்குகளுக்கு 12 வோல்ட் கிடைக்கும். இப்போது நான்கு பிளக்குகள் செயலிழந்துவிட்டன எனில், எஞ்சிய நான்கின் தடை 0.25 ஓம் ஆகிறது. அவற்றுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் 16 வோல்ட்டாக உயர்கிறது. ஆறு செயலிழந்தால் மீதி இரண்டுக்கும் கிடைப்பது 19 வோல்ட்டுக்கு மேல். ஒன்று இறந்தால் மற்றவை விரைந்து இறக்கும்; இறப்பதற்கு முன் வீங்கும். இதனால்தான் இவ்வண்டிகளைப் பழுதுபார்ப்போர் பழுதான ஒரு பிளக்கை மட்டும் மாற்றாமல் எட்டையும் ஒருசேர மாற்றுகின்றனர். பல உரிமையாளர்கள் மின்தடையை நீக்கிவிட்டு, ஒரு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் எடுத்துக் கொடுக்கின்றனர்.

கழற்றுவதற்கு முன்

பிளக் செயலிழந்ததா என்பதைக் கழற்றாமலே அறியலாம். மின்கம்பியைப் பிரித்துவிட்டு, பிளக்கின் முனையத்திற்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். நல்ல பிளக் 2 ஓமுக்குக் குறைவாகக் காட்டும். அறுந்த பிளக் முடிவிலியைக் காட்டும். அறுந்த பிளக்குகள் வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், எவற்றை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும் என்பது இச்சோதனையிலேயே தெரிந்துவிடும்.

மரையைச் சுற்றி ஊடுருவு எண்ணெய் தெளித்து ஓர் இரவு ஊறவிடுவது நல்லது. எஞ்சினைச் சிறிது ஓட்டிச் சூடாக்கியபின் தளர்த்தினால் மரை எளிதில் விடும். 10 மி.மீ. மரை கொண்ட எஃகு உடல் பொதுவாக 35 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு மேல் தாங்காது. எனவே நீண்ட கைப்பிடியுள்ள ராட்செட்டைத் தவிர்த்து, 3/8 அங்குல ஆழ சாக்கெட்டும் டார்க் ரெஞ்சும் பயன்படுத்த வேண்டும். அந்த எல்லையை நெருங்கியும் பிளக் அசையாவிட்டால், நிறுத்திவிட்டு மீண்டும் எண்ணெய் விட்டுக் காத்திருப்பதே முறை. பின்னும் முன்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்தால் மரையில் உள்ள கரி பொடியும். ஒரு நாள் தாமதத்தைப் பொறுக்காததால் ஹெட்டையே கழற்ற நேர்ந்தவர் பலர்.

சில நவீன எஞ்சின்களுக்கு, பிளக்கிற்குத் தனிக் கம்பி மூலம் சில நிமிடங்கள் மின்சாரம் கொடுத்துச் சுற்றியுள்ள கரியை இளக்குமாறு கூறப்படுகிறது. 6.2 லிட்டரின் பழைய வகைப் பிளக்கில் இதனைச் செய்யக் கூடாது. வீக்கத்திற்குக் காரணமே அளவு மீறிய மின்சாரம்தான். மேலும் கொடுத்தால் மேலும் வீங்கும்.

திருகி முடிந்தும் வெளிவராத பிளக்

வீங்கிய பிளக்கின் அடையாளம் தெளிவானது. மரை முழுவதும் தடையின்றித் திருகி வந்துவிடும்; பிளக் தளர்வாகச் சுழலும்; ஆனால் வெளியே வராது. இந்தக் கட்டத்தில் பிளக் இன்னும் உடையவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். உடைப்பது பெரும்பாலும் அடுத்த ஐந்து நிமிடத்தில் செய்யப்படும் அவசரமே.

பிளக்கைப் பக்கவாட்டில் ஆட்டுவது கூடாது. குழல் உடலோடு சேரும் இடமே பலவீனமானது. ஆட்டினால் அங்கேதான் முறியும். அறுகோணத் தலையைப் பூட்டும் இடுக்கியால் பற்றி, துளையின் அச்சுக்கு நேராக இழுத்துக்கொண்டே மெதுவாகச் சுழற்ற வேண்டும். துளையில் எண்ணெய் விட்டு, உள்ளே தள்ளி வெளியே இழுத்து, மீண்டும் தள்ளி இழுத்தால், கரி மட்டுமே தடையாக இருக்கும் பிளக்குகள் வந்துவிடும். சற்றே வீங்கியவை, தண்டின் மீது சறுக்கி ஓடும் எடை கொண்ட சறுக்குச் சுத்தியலின் சிறு தட்டல்களுக்கு இணங்கும். இவ்வெஞ்சினுக்கென்றே, தலையைக் கவ்விப் பிடித்துத் திருகினால் நேராக மேலே இழுக்கும் கருவிகளும் உண்டு. வலது வரிசையில் சுத்தியல் வீச இடமில்லை என்பதால் அங்கு இக்கருவியே பயன்படும்.

இவ்வளவிற்கும் அசையாத பிளக் நன்றாகவே வீங்கியுள்ளது. அதனை இழுத்தால் முறிவது உறுதி என்ற நிலையில், முதலில் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு இழுப்பதே அறிவுடைமை. முனை முறிந்து விழுந்தாலும், எடுப்பதற்கான வழி முன்கூட்டியே திறந்திருக்கும்.

உடைந்தபின்

முறிவு மூன்று வகைப்படும். முறிவின் வகையை அறியாமல் கருவியை எடுக்கக் கூடாது.

முதல் வகை: அறுகோணத் தலை மட்டும் முறிந்து, மரையுள்ள உடல் ஹெட்டிலேயே தங்கிவிடுவது. இது மரை இறுகிய பிளக்குகளில் நேரும். நடுவில் உள்ள மின்முனைக் கம்பியை முதலில் இழுத்தோ துளையிட்டோ நீக்கிவிட்டு, இடப்புறம் சுழலும் துளைக்கருவியால் உடலைத் துளையிடலாம். இடச்சுழற்சி என்பதால், துளையிடும்போதே சில சமயம் உடல் கழன்று வந்துவிடும். வராவிட்டால் பணிமனைகளில் ஈஸி அவுட் எனப்படும் எதிர்த்திருகுக் கருவியைப் பயன்படுத்துவர். இக்கருவி கடினப்படுத்திய எஃகால் ஆனது. அது உள்ளே முறிந்துவிட்டால் சாதாரணத் துளைக்கருவி அதனை வெட்டாது. பெரும்பாலும் ஹெட்டைக் கழற்றி, மின்பொறி அரிப்பு முறையால் எடுக்க நேரிடும். எனவே, இங்கும் விசைக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். துளையிடும்போது உதிரும் உலோகத் துகள் முன்னறைக்குள் விழாதிருக்கத் துளைக்கருவியின் பள்ளங்களில் கிரீசைத் தடவுவர். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு அத்துளை வழியே குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால், துகள் உள்ளே போகாமல் வெளியே வரும். பழைய உடல் நீங்கியதும் அதே அளவு டேப்பால் மரையைத் தூய்மைசெய்ய வேண்டும்.

இரண்டாம் வகை: உடல் வெளியே வந்து, முனை மட்டும் துளையில் இறுகி நிற்பது. முறிந்த முனை உண்மையில் தூள் நிறைந்த ஒரு குழல். அதன் நடுவே சிறு துளைக்கருவியால் தூளையும் கம்பியையும் குடைந்து எடுத்து, உட்புறத்தில் மெல்லிய மரை வெட்டி, ஒரு திருகாணியை இறக்கி, அதனைச் சறுக்குச் சுத்தியலால் இழுப்பது முறையான வழி. துளையின் மரையில் பொருந்தும் வழிகாட்டிக் குழல் இருந்தால் துளைக்கருவி நடுவிலிருந்து விலகாது. வழிகாட்டியின்றிக் கையால் துளையிட்டு ஹெட்டின் வார்ப்பிரும்பையே குடைந்துவிடுவது, இப்பணியில் அடிக்கடி நேரும் பிழை.

மற்றொரு வழி, எஞ்சினின் சொந்த அழுத்தத்தையே பயன்படுத்துவது. எரிபொருள் செல்லாதவாறு பீய்ச்சு பம்பின் நிறுத்துச் சோலினாய்டுக்குச் செல்லும் இளஞ்சிவப்புக் கம்பியைப் பிரித்துவிட்டு, இன்ஜெக்டரைப் பொருத்திய நிலையில் ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றினால், அழுத்தப்பட்ட காற்று முனையை வெளியே தள்ளும். இம்முறையை எல்லாவற்றிற்கும் மருந்தாகக் கூறுவோர் உண்டு. அது மிகை. நல்ல நிலையிலுள்ள 6.2 லிட்டர் சிலிண்டரின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 380 பவுண்டு, அதாவது சுமார் 26 பார் அளவாவது இருக்க வேண்டும். 5 மி.மீ. விட்டமுள்ள முனையின் மீது இது தரும் விசை ஏறத்தாழ 50 நியூட்டன்; 5 கிலோ எடையின் சுமைதான். கரியில் சிக்கிய முனைக்கு இது போதும். நன்கு வீங்கிய முனைக்குப் போதாது. ஆனால் விடுபட்டு வரும் முனை துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். துளைக்கு நேரே முகமோ கையோ இருக்கக் கூடாது. தடித்த துணியால் மூடிவைக்க வேண்டும். துளையில் விட்ட ஊடுருவு எண்ணெய் மிகுதியாகச் சிலிண்டரில் தேங்கியிருந்தால் பிஸ்டன் திரவத்தில் மோதி இணைப்புத்தண்டு வளையலாம் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகை: முனை முன்னறைக்குள்ளேயே விழுந்துவிடுவது. அச்சுறுத்துவதும் இதுவே, ஆயினும் 6.2 லிட்டரில் இது பெரும்பாலும் ஹெட்டைக் கழற்றாமலே தீரும். முன்னறையிலிருந்து சிலிண்டருக்குச் செல்லும் வாயில் குறுகலானது என்பதால், முழு முனை கீழே இறங்குவதில்லை. எரிபொருள் குழாயைப் பிரித்து, 30 மி.மீ. சாக்கெட்டால் இன்ஜெக்டரைக் கழற்றினால், அதன் துளை நேராக முன்னறைக்குள் திறக்கிறது. சிறு உள்நோக்கிக் கேமராவால் முனை கிடக்கும் நிலையைப் பார்த்து, நுனி வளைத்த மெல்லிய கம்பி, நீண்ட மூக்கு இடுக்கி, நுனியில் கெட்டியான கிரீஸ் அப்பிய குச்சி இவற்றுள் பொருத்தமானதால் எடுக்கலாம். காந்தம் பெரும்பாலும் ஏமாற்றும். நிக்கல் கலப்புலோகக் குழலைக் காந்தம் இழுப்பதில்லை. முனை குளோ பிளக் துளை வழியே வராத அளவு வீங்கியிருந்தாலும், இன்ஜெக்டர் துளை வழியே வந்துவிடுவதுண்டு. இந்நிலையில் ஸ்டார்ட்டரைச் சுழற்றக் கூடாது. முனை தளர்வாகக் கிடக்கும்போது சுழற்றினால், உதிர்ந்த சிறு துண்டுகள் வாயில் வழியே சிலிண்டருக்குள் போகலாம்.

துண்டுகளை எண்ணிப் பார்த்தல்

இப்பணி முழுவதிலும் விடவே கூடாத படி இதுதான். வெளியே எடுத்த துண்டுகளை ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கி, அருகே அதே வகையைச் சார்ந்த புதிய பிளக்கை வைத்து, நீளத்தை அளவுகோலால் ஒப்பிட வேண்டும். வீங்கி வெடித்த குழலில் ஓடு போன்ற சிறு சில்லுகள் உதிர்ந்திருக்கும். நுனியின் வளைந்த மூடி கிடைத்ததா என்று குறிப்பாகப் பார்க்க வேண்டும். 2 மி.மீ. குறைந்தாலும், அது எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை எஞ்சினைக் கிளப்பக் கூடாது.

காரணம் எளிது. பிஸ்டன் மேல்நிலைக்கு வரும்போது, அதற்கும் ஹெட்டிற்கும் இடையே எஞ்சும் இடைவெளி மிகச் சிறியது. டீசலின் உயர் அழுத்த விகிதம் அதனால்தான் கிட்டுகிறது. கடினமான உலோகச் சில்லு அங்கே சிக்கினால், ஒவ்வொரு சுழற்சியிலும் பிஸ்டனின் தலையிலும் ஹெட்டின் முகத்திலும் அறைபடும். வால்வின் அமர்விடத்தில் சிக்கினால் வால்வு மூடாமல் போகும். சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்தால், பழுது ஒரு பிளக்கின் விலையிலிருந்து ஓர் எஞ்சினின் விலைக்குச் சென்றுவிடும். சிறு துண்டு எரிந்து புகையோடு போய்விடும் என்று சொல்வோர் உண்டு. அவ்வாறு போன எஞ்சின்களும் இருக்கலாம்; எந்த எஞ்சினில் போகும் என்று முன்கூட்டியே அறிய வழியில்லை.

குறைந்த துண்டு முன்னறையில் இல்லையெனில், பிஸ்டனைக் கீழே இறக்கி, உள்நோக்கிக் கேமராவின் மெல்லிய நுனியை வாயில் வழியே செலுத்திச் சிலிண்டரைப் பார்க்க முயலலாம். வாயிலின் வடிவம் காரணமாக இது எப்போதும் கைகூடுவதில்லை. மெல்லிய குழாயால் உறிஞ்சியும் கிடைக்காவிட்டால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். 6.2 லிட்டரின் ஹெட் போல்ட்டுகள் இறுக்கும்போது நீள்பவை. மீண்டும் பயன்படுத்தத் தக்கவையல்ல. எனவே ஹெட் கேஸ்கட்டுடன் புதிய போல்ட்டுகளும் வாங்க வேண்டும். ஹெட் கழன்றபின், முன்னறையின் அடிப்பகுதி ஹெட்டின் அடிமுகத்தில் பதிக்கப்பட்ட தனித் துண்டு என்பதால், அதனை எடுத்துவிட்டு முன்னறையை முழுவதும் தூய்மைசெய்யலாம். அப்பகுதியில் வெடிப்பு உள்ளதா என்று பார்த்துக்கொள்ள அதுவே தருணம்.

புதிய பிளக்கைப் பொருத்துதல்

துளையில் படிந்த கரியை நீக்காமல் புதிய பிளக்கைப் பொருத்தினால், அடுத்த முறையும் இதே கதைதான். அளவான துளைச்சீவியின் பள்ளங்களில் கிரீஸ் தடவிக் கையால் சுழற்றினால் கரி அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். புதிய பிளக் துளைக்குள் தன் எடையாலேயே இறங்க வேண்டும். மரையில் மட்டும், முனையில் படாமல், நிக்கல் கலந்த இறுகல் தடுப்புக் களிம்பைச் சிறிதளவு தடவலாம். 10 மி.மீ. மரை கொண்ட பிளக்குகளுக்கு 12 முதல் 18 நியூட்டன் மீட்டர் வரையான முறுக்குவிசையே வழக்கமானது. அந்தந்த ஆண்டு மாதிரிக்கான கையேட்டின் அளவே இறுதியானது. இன்ஜெக்டரைக் கழற்றியிருந்தால் அதன் செப்பு வளையத்தைப் புதிதாக இட வேண்டும்.

இதன்பின் மின்சுற்றைச் சோதிக்காமல் வண்டியை ஒப்படைப்பது பாதி வேலை. ரிலேயின் வெளியீட்டு முனையில் ஒரு சோதனை விளக்கை இணைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் விளக்கு ஏறத்தாழ 10 வினாடிகள் எரிந்து, அணைந்து, பின்னர் விட்டுவிட்டு எரியும். அணையாமலே எரிந்தால் ரிலே ஒட்டிக்கொண்டுள்ளது. முன்னர் வீங்கிய பிளக்கின் காரணம் அங்கேயே உள்ளது. கட்டுப்பாட்டுக் கருவியின் தரையிணைப்புக் கம்பி துருப்பிடித்திருந்தாலும் நேரக் கணக்கு பிறழும்.

கட்டுப்பாட்டுக் கருவியை நீக்கிவிட்டு, ரிலேயை ஒரு பொத்தானால் இயக்கும் மாற்றமும் பரவலாக உள்ளது. இது மலிவானது, நம்பகமானதும்கூட. ஆனால் எத்தனை வினாடி அழுத்துவது என்பது ஓட்டுநரின் பொறுமையைச் சார்ந்தது. இத்தகைய வண்டியில் பழைய வகை 6 வோல்ட் பிளக்கை இடாமல், தானே தணியும் வகையை இடுவதே பொருத்தம்.

குளோ பிளக் பழுதான வண்டியை ஈத்தர் தெளித்துக் கிளப்பும் பழக்கமும் முனை உடைவதற்கு ஒரு காரணம். ஒன்றிரண்டு பிளக்குகள் இன்னும் காய்ந்துகொண்டிருக்கும் நிலையில் ஈத்தர் உள்ளே சென்றால், பிஸ்டன் மேல்நிலையை எட்டுமுன்பே வெடித்து எரியும். அந்த அதிர்ச்சியில் வீங்கிய முனை உள்ளேயே முறிந்து விழக்கூடும். பிஸ்டன் வளையங்களைப் பிடித்திருக்கும் விளிம்புகளும் உடையும். ஈத்தர் தெளித்துக் கிளப்பிவந்ததாக உரிமையாளர் கூறும் வண்டியில், பிளக்கைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க விரும்பினாலும், அந்த அளவியைப் பொருத்துவது குளோ பிளக் துளையில்தான். ஆகவே நலமாக உள்ள சிலிண்டர்களின் பிளக்குகளை முதலில் கழற்றி அளந்து, ஐயத்திற்குரியதைக் கடைசியாக வைத்துக்கொள்வது வழக்கம்.